ஆடி மாதக் கணக்கு: ஒன்றரை நாவல், ஓர் ஆதாரம்

சக்கைமரத்தடி
ஜூலை 29, இரவு 9.40

இந்த மாதக் கணக்கை இரண்டு நாள் முன்னதாகவே எழுதிவிடுகிறேன். மழை வலுத்தால் எங்கள் குமரி மாவட்டப் பக்கம் கரண்ட் போய்விடும், அப்புறம் ஆகஸ்ட் பாதியில்தான் கை வைப்பேன். போன மாதம் அப்படித்தான் ஆனது.

முதலில் வாசிப்பு. ஒன்றரை நாவல். அரை நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊர்ப்புற நூலகத்தில் எடுத்த தடித்த மொழிபெயர்ப்பு. 112ஆம் பக்கத்தில் ஒரு குடும்பம் ரயிலேறியது, அவர்கள் எங்கே இறங்கினார்களோ, நான் அங்கேயே இறங்கிவிட்டேன். எனக்கு முன்னால் எடுத்தவர் 98ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தார். அவரைவிட 14 பக்கம் கூடுதல் பொறுமை எனக்கு.

முழுசாக வாசித்தது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வந்த நாவல். கல்லூரி நாட்களில் ஒரு தடவை வாசித்திருக்கிறேன். அப்போது லிஸியும் தங்கராஜும் சேருவார்களா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இப்போது 48 வயதில் கண் வேறு இடங்களில் போய் நிற்கிறது. பெரியவளானதும் அந்தப் பெண்ணை வீட்டுக்குள் இருத்திவிடுகிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு சுற்று விளைக்குள், அதாவது எங்கள் தோட்டத்துக்குள், நடந்துவிட்டு வந்தேன். அப்புறம் அந்தப் பனைகள். எங்கள் விளையில் அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது முப்பது பனை நின்றதாம். அக்கானி (பதநீர்) காய்ச்சும் மணத்தில்தான் காலையே விடியுமாம். இப்போது நிற்பது இரண்டு. மீதி இடமெல்லாம் ரப்பர்.

இன்னொன்று, லிஸி தாத்தாவைக் ‘கண்ணப்பச்சி’ என்று கூப்பிடுவாள். எனக்கு அப்படிக் கூப்பிட ஆள் இருந்ததில்லை. அம்மா ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாத்தா போய்விட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

வீட்டு விஷயம். மிதுனத்தில் (ஆனி) பிடித்த மழை கர்க்கடகத்திலும் (ஆடி) விடவில்லை. எண்பது சென்ட் ரப்பர் நிற்கிறது. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் கட்டியும் மாதத்தில் பாதி நாள் பால் வெட்டு இல்லை. வெட்டுக்காரர் விடியுமுன் வருகிறார், வானத்தைப் பார்க்கிறார், ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார். வீட்டுக்காரர் உதிர்ந்து கிடக்கும் பச்சை இலைகளைக் குனிந்து குனிந்து பார்க்கிறார். மழைக்காலத்து இலையுதிர்வு பூஞ்சை நோய். இடவப்பாதி மழைக்கு முன்னாலேயே தாமிர மருந்து அடித்திருக்க வேண்டும். நான் மே மாதமே சொன்னேன் என்று அவரிடம் சொல்லிக் காட்டவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து அவருடைய தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டுகிறேன் என்று எல்லோரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்குத் திங்கட்கிழமை. தக்கலையில் இருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே இத்தனை வருடம் வாழ்ந்தவளுக்கு, திங்கட்கிழமை அரண்மனை திறக்காது என்று தெரியவில்லை. கோட்டைச் சுவரின் வெளிப்பக்கத்தை நன்றாகச் சுற்றிக் காட்டினேன். அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம். ஆற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் ஓடும் தொட்டி, பக்கத்தில் நடைபாதை. பாதித் தூரத்தில் சின்னவன் கீழே எட்டிப்பார்த்துவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

அம்மாவுக்குத் தினமும் காலையில் பேப்பரில் அணை நீர்மட்டம் வாசிக்க வேண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றார் ஒன்று, சிற்றார் இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல். வரிசை மாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். பேச்சிப்பாறை நிறைந்தால் 48 அடி, பெருஞ்சாணி 77 என்பதெல்லாம் மனப்பாடம். நமக்கு ஒரு சென்ட் வயல்கூட இல்லையே, எதுக்கும்மா என்றால், “கன்னிப்பூவுக்குத் தண்ணி வேண்டாமாடீ?” என்பாள். யாருடைய கன்னிப்பூ நெல் என்று கேட்கக் கூடாது.

இனி ஆதாரம். எங்கள் பக்கம் சொத்துப் பத்திரத்தை அப்படித்தான் சொல்வோம். இந்த மாதம் வாசித்ததில் கடினமானது அதுதான். மொத்தம் நான்கு பக்கம். இரண்டு வாரம் பிடித்தது.

நாங்கள் இருக்கும் 23 சென்ட் புரையிடம் அம்மாவுக்கு அவளுடைய தாய்மாமன் தந்தது என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ‘மாமன் தந்த மண்ணு’ என்று அம்மாவே சொல்வாள். அந்த மாமாவின் பேரன் இப்போது பக்கத்து விளையை விற்கப் போகிறான். வாங்க வந்தவர் வழி கேட்கிறாராம். நம் பக்கம் அகலம் எடுக்கலாம், இதுவும் தாத்தா சும்மா கொடுத்த இடம்தானே என்று வந்து நின்றான். சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று தகரப்பெட்டியை இறக்கினேன். உள்ளே வரித்தாள்கள், ஒரு ஞானஸ்நானச் சீட்டு, நாலாக மடித்த ஓர் ஆதாரம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிசல். முழுக்க மலையாளம்.

எனக்கு மலையாளம் பேச வரும், பஸ் போர்டு வாசிப்பேன், அதோடு சரி. அம்மா நாலாம் கிளாஸ் வரை மலையாளத்தில் படித்தவள். ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்துப் படிப்பு. ஒரு கண்ணில் புரை விழுந்து போன வருடம் எடுத்தோம், மற்றதில் இன்னும் இருக்கிறது. (புரை என்றால் எங்கள் பக்கம் வீடும்தான். கண்ணுக்குள் எப்படி வீடு கட்டியது என்று டாக்டரிடம் கேட்டாள்.) பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரி. கண் வலித்தால் நிறுத்திவிட்டு, சக்கைக்கொட்டை உரிப்பாள்.

மூன்றாவது நாள் ஒரு பெயரில் நின்றுவிட்டாள். “மக்களே, இது எனக்க அப்பனுக்க பேரு.” எழுதிக்கொடுப்பவர் தாத்தா. வாங்குபவர் பாட்டியும் ‘அவள் வயிற்றில் பிறந்த மகளும்’. இஷ்டதானம், அதாவது விருப்பப்பட்டுத் தரும் தானம், என்று தெளிவாகவே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவருடைய ஒப்பு (கையெழுத்து). மாமாவின் பெயர் சாட்சியில் வருகிறது, அவ்வளவுதான்.

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆதாரத்தின் தேதி மலையாளக் கொல்லம் ஆண்டு 1118, கன்னி மாதம் 12. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் 1943 வருகிறது. கன்னி என்றால் புரட்டாசி, அப்படியானால் 1943 செப்டம்பர். தாத்தாவின் கல்லறை சர்ச் தோட்டத்தில் இருக்கிறது. கல்லில் வெட்டியிருக்கும் தேதி 1943 ஜனவரி 19.

மாமாவின் பேரனிடம் நகலைக் காட்டியது என் புத்திகெட்ட வேலை. அவனும் கூட்டிப் பார்த்துவிட்டு, “செத்து எட்டு மாசம் கழிச்சு வந்து ஒப்பு போட்டாரா உங்க தாத்தா?” என்று சிரித்தான். பாட்டி கள்ள ஆதாரம் எழுதினாள் என்று அவன் வாயால் சொல்லவில்லை, சொன்ன மாதிரிதான். அம்மா அன்றைக்கு அணை நீர்மட்டம் கேட்கவில்லை.

இதுதான் என் ஆடி. நீங்கள் என்ன வாசித்தீர்கள், வீட்டில் என்ன விசேஷம், எழுதுங்கள்.


ஆரல்காற்று
ஜூலை 29, இரவு 10.55

அக்கா, உங்களுக்கு மழை, எங்களுக்குக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கிற அடியில் மொட்டைமாடியில் புத்தகத்தை விரித்தால் நாம் புரட்ட வேண்டியதே இல்லை. முப்பந்தல் காற்றாடிகள் இரவெல்லாம் உறுமுகின்றன. துணி காயப்போட்டால் பக்கத்துத் தெருவில் போய் எடுக்க வேண்டும்.

நான் இந்த மாதம் எடுத்தது கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’. நம்ம தேரூர்க்காரர்தானே, பள்ளிக்கூடப் பாட்டு எழுதியவர்தானே என்று அசட்டையாக எடுத்தேன். சிரிப்பு அடக்க முடியவில்லை, பாதிக்கு மேல் சிரிக்கவும் முடியவில்லை. சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்குப் போகும், கட்டினவளும் பெற்றதும் தெருவில் நிற்கும். அதை ஒருவரின் ஐந்தாம் மனைவியே சொல்வதாக எழுதியிருக்கிறார். படலங்களின் பெயரைப் பாருங்கள்: ‘மாமி அரசியற் படலம்’. ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’. கோடு என்றால் கோர்ட்டு. கேஸ் நடத்தியே குடி முடிகிற கதை. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்து அந்த முறையை மாற்றியது.

இதை வாசித்த கையோடு உங்கள் பதிவைப் பார்த்ததால் சொல்கிறேன். தயவுசெய்து கோடேறாதீர்கள். வழிக்கு நாலு அடி விட்டுக்கொடுத்தால் போகிறது.


வள்ளக்காரன்
ஜூலை 30, காலை 5.20

நாலு அடி விட்டுக்கொடுப்பது சரி. பாட்டி கள்ளி என்கிற பேரையும் சேர்த்து விட்டுக்கொடுக்க முடியுமா, ஆரல் அண்ணே?

நான் குளச்சலுக்குப் பக்கம். எங்கள் கடலில் விசைப்படகுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15க்கே தொடங்கி ஜூன் 14க்கு முடிந்துவிடும். ஒரே மாவட்டம், மீனுக்கு மட்டும் இரண்டு நாட்காட்டி. வள்ளத்துக்குத் தடை இல்லை என்றாலும் இந்த மாதம் கடல் விடவில்லை, பத்து நாள்கூட இறங்கியிருக்க மாட்டேன். வலை முடித்தேன், மிச்ச நேரம் வாசித்தேன். அதனால்தான் இரண்டு புத்தகம் முடிந்தது.

ஒன்று தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. 1988இல் வந்தது. தேங்காய்ப்பட்டணம் எங்களுக்கு மேற்கே, எட்டிப் பார்க்கிற தூரம். ஊரில் ஆங்கிலப் பள்ளி வருவதை அந்த முதலாளி எதிர்த்து நிற்பதும், பிறகு அந்த வீடு சரிவதும். என் மகள் கோயம்புத்தூரில் படித்தவள், பக்கத்துக்குப் பக்கம் “இது என்ன வார்த்தை அப்பா” என்று கேட்டாள். நான் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. படித்தது எட்டாம் கிளாஸ் என்றாலும் அந்த ஒரு புத்தகத்துக்கு வீட்டில் நான்தான் வாத்தியார். அது நல்ல சுகம்.

இன்னொன்று கட்டுமரம் பற்றிய சின்னப் புத்தகம். எழுதியவர் மரத்தில் ஏறியதே இல்லை என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.


பிச்சிப்பூ
ஜூலை 30, பகல் 2.10

தோவாளையில் இருந்து எழுதுகிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை, பூவுக்கு விலை இல்லை, கட்டுகிற எங்களுக்கும் வேலை குறைவு. வாசிக்கலாம்தான், ஆனால் ஆடிச் செவ்வாய் விடாது. ஒளவையாரம்மன் கோவிலுக்கு இரண்டு வாரம் போயாயிற்று. கொழுக்கட்டைக்கு மாவு இடித்து, கூழ் காய்ச்சி, வீட்டுக்கு வந்தால் புத்தகத்தை நெஞ்சில் வைத்தபடி தூக்கம்.

புத்தம் வீடு பற்றி: எனக்கு லிஸி மேல் கோபம்தான் வரும். இவ்வளவு பொறுமை ஒரு பெண்ணுக்கு எதற்கு? அக்கா நடந்துவிட்டு வந்தீர்கள், நான் அந்த இடத்தில் புத்தகத்தை எறிந்தேன். அப்புறம் எடுத்துத் துடைத்து வைத்தேன், அது வேறு.

ஒரு சந்தேகம். அம்மா தன் அப்பாவைப் பார்த்த நினைவே இல்லை என்கிறீர்கள். அப்படியிருக்க அந்த ஒப்பு அவருடையதுதான் என்று எப்படி அடையாளம் தெரிந்தது? பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாமே. குறை சொல்லவில்லை, அந்தப் பையனும் இதைத்தான் கேட்பான்.


சக்கைமரத்தடி
ஜூலை 30, மாலை 6.30

பிச்சி, நல்ல கேள்வி. தாத்தாவின் வேதப்புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. முதல் தாளில் அவர் கையெழுத்து. அம்மா அதைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து மேலே சுழித்துவிடுவார், இரண்டிலும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் எனக்குக் குழப்பம் கூடியது. ஒப்பு அவருடையது, தேதியில் அவர் உயிரோடு இல்லை.

ஆரல் தம்பி, வழி விடுவதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. அம்மாவே விடச் சொல்லிவிட்டாள். வள்ளக்கார அண்ணன் சொன்னதுதான் நெஞ்சில் கிடக்கிறது.

கட்டுமரப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்லாமல் போனால் எப்படி?


தூரதேசி
ஜூலை 30, இரவு 8.15

மஸ்கட்டிலிருந்து. ஒருவேளை கல்லறையில் தேதி தவறாக வெட்டியிருப்பார்களோ? எங்கள் சித்தப்பா கல்லில் பிறந்த வருடத்தையே மாற்றிவிட்டார்கள், காசு கொடுத்தாயிற்று என்று அப்படியே விட்டுவிட்டோம். கல் வெட்டுகிறவரை நம்பி ஆதாரத்தைச் சந்தேகப்பட வேண்டாம்.

இந்த மாத வாசிப்பு: கம்பெனி அனுப்பிய பாதுகாப்பு விதிகள், 60 பக்கம். சோகக் கதை.


பழைய எழுத்தர்
ஜூலை 30, இரவு 11.05

வணக்கம். சாதாரணமாக நான் இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன். முப்பத்தொரு வருடம் ஆதாரம் எழுதிப் பிழைத்தவன், அதனால் இதைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியவில்லை.

கல்லும் சரி, ஆதாரமும் சரி. கணக்குத்தான் பிழை.

கொல்லம் ஆண்டு சிங்க மாதம் (ஆவணி) ஒன்றில் பிறக்கும். அதாவது ஆகஸ்ட் நடுவில். கி.பி. 825இல் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு எல்லாரும் 825 கூட்டுகிறார்கள். அந்த முதல் ஆண்டே ஒன்றாம் ஆண்டு, பூஜ்யம் அல்ல. ஆகவே சிங்கம் முதல் தனு (மார்கழி) மாதப் பாதி வரைக்கும் 824தான் கூட்ட வேண்டும். தனுப் பாதியில் இங்கிலீஷ் வருடம் மாறுகிறது, அதிலிருந்து கர்க்கடகம் முடிய 825. ஆதார எழுத்துக்கு வந்த முதல் வாரத்தில் என் ஆசான் இதைச் சொல்லித்தந்தார். அதற்கப்புறமும் நான் ஒரு தடவை தப்பினேன், அவர் எறிந்த பேனாக்கட்டையின் மை சட்டையிலிருந்து போகவில்லை.

1118 கன்னி என்றால் 1942. கன்னி 12 செப்டம்பர் கடைசி வாரம். உங்கள் தாத்தா தவறியது 1943 ஜனவரி. ஏறக்குறைய நாலு மாதம் முன்பே ஒப்பு போட்டிருக்கிறார். கள்ள ஆதாரம் ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஆதாரத்தின் தலைப்பில் பதிவு எண்ணும் புத்தக எண்ணும் இருக்கும். அம்மாவின் கண்ணாடியை அங்கே வையுங்கள். அந்த எண்ணோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனு கொடுங்கள். கையிலிருக்கும் கிழிந்த தாளை யாரிடமும் கொடுக்காதீர்கள், லேமினேஷனும் செய்துவிடாதீர்கள். போக்குவரவு (பெயர் மாற்றம்) உங்கள் அம்மா பெயரில் நடந்திருக்கிறதா, தண்டப்பேர் (வரிக்கணக்கு) எந்தப் பெயரில் இருந்தது என்பதைப் பழைய வரித்தாள் சொல்லும். பெட்டியில் வரித்தாள்கள் இருக்கின்றன என்றீர்களே, தூக்கிப் போட்டுவிடவில்லையே?


தூரதேசி
ஜூலை 30, இரவு 11.40

சார், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் போனில் ஒரு கணக்குச் செயலி இருக்கிறது, அதில் 1118 போட்டால் 1943 என்றுதான் வருகிறது. எதை நம்புவது?


பழைய எழுத்தர்
ஜூலை 31, காலை 6.00

கோபம் இல்லை தம்பி. மாதம் கேட்காத செயலி பாதி வருடத்துக்குத்தான் சரியாகச் சொல்லும்.

உங்களுக்குத் தெரிந்த தேதியை வைத்தே பாருங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது எப்போது? 1956 நவம்பர் 1. அன்றைக்குக் கொல்லம் 1132, துலாம் மாதம். 825 கூட்டினால் 1957 வரும். உங்கள் செயலிப்படி நாம் ஒரு வருடம் கூடுதலாகக் கேரளத்தில் இருந்திருக்கிறோம்.


ஆரல்காற்று
ஜூலை 31, காலை 7.25

ஐயா, கும்பிடுகிறேன். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் இருக்கிற கன்னி, துலாம் எல்லாவற்றையும் இத்தனை நாள் தப்பாகவே கூட்டியிருக்கிறேன். அப்பா பிறந்த வருடம் உட்பட. அறுபதாம் கல்யாணத்தையே ஒரு வருடம் தள்ளி நடத்தியிருக்கிறோம் போல. இதை அம்மாவிடம் யார் சொல்வது?


பிச்சிப்பூ
ஜூலை 31, காலை 8.50

சொல்லாதீர்கள். இன்னொரு தடவை நடத்தச் சொல்வார்கள். நடத்தினால் மாலை எங்களிடம்.


சக்கைமரத்தடி
ஜூலை 31, இரவு 9.15

எழுத்தர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காலையில் உங்கள் பதிவைப் பார்த்தபோது அடுப்பில் பால் இருந்தது. பொங்கி வழிந்து முழுவதும் போயிற்று.

நேரே அம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. முதலில் நானே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், வீட்டுக்காரரையும் கூட்டச் சொன்னேன். 1942 செப்டம்பர் கடைசி. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அம்மாவுக்குப் பிறந்த மாதம் மட்டும் தெரியும், சிங்கம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி வேறு என்னவோ, அதை யாரும் நம்புவதில்லை. தாத்தா இறக்கும்போது அவள் ஐந்து மாதம் என்றால் பிறந்தது 1942 சிங்கம். ஆதாரம் அடுத்த மாதம் கன்னியில். அவளுக்கு அப்போது ஒரு மாதம், மிஞ்சினால் நாற்பது நாள். ‘அவள் வயிற்றில் பிறந்த மகளும்’ என்று பெயர் போடாமல் எழுதியது அதனால்தானோ என்னவோ. ஞானஸ்நானச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், அதில் துலாம் மாதம். பெயர் வைக்கும் முன்பே மண் வைத்திருக்கிறார்.

அம்மா திண்ணையில் இருந்தாள். சொன்னேன். கணக்கை அவளுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் அழுவாள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“அப்போ மாமன் தந்ததுண்ணு ஆருடீ சொன்னது?”

யார் சொன்னது என்று யோசித்தால், மாமா ஒருபோதும் சொன்னதில்லை. பாட்டியும் சொன்னதாக அம்மாவுக்கு நினைவில்லை. பாட்டி ஆதாரத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தவள், வாசிக்கத் தெரியாதவள். தாத்தா போன பிறகு வரி கட்டியது, வேலி கட்டியது, பனையேறியிடம் பாட்டம் (குத்தகை) பேசியது எல்லாம் மாமா. பார்த்தவர்கள் அவர் தந்த மண் என்று சொல்லியிருப்பார்கள், அதுவே நின்றுவிட்டது. மாமா மீது குறை ஒன்றும் இல்லை. சாட்சி ஒப்பு போட்டு, கடைசி வரை பார்த்துக்கொண்டவர். அம்மாவும் அதைத்தான் சொன்னாள், “மாமன் தந்தாலும் தந்ததுதான்.” எண்பத்துமூன்று ஆகப்போகிறது. அத்தனை வருடமும் அவர் வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் அடுக்களைப் பக்கம் போய் நின்று வேலை பார்த்தவள் அம்மா. கடன் தீர்க்கிற மாதிரி. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் மாமாவின் பேரன் வந்தான், நான்தான் வரச்சொல்லியிருந்தேன். எழுத்தர் ஐயாவின் பதிவையே போனில் வாசிக்கக் கொடுத்தேன். 1956 கணக்கு வரும் இடத்தில் அவன் முகம் மாறியது. நல்ல பையன்தான், விற்கிற அவசரம். “நான் ஒண்ணும் அப்படிச் சொல்லேல்ல பாட்டி” என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா, “நீ சொன்னா. செரி, மரச்சீனி அவிச்சிருக்கு, தின்னிட்டுப் போ” என்றாள். வழிக்கு மூன்றடி விடுவதாகப் பேசியிருக்கிறோம், நகல் கைக்கு வந்த பிறகு அளந்துதான்.

பதிவு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டோம் ஐயா. தலைப்பில் இல்லை, இரண்டாம் பக்கத்தின் பின்னால் இருந்தது. மை மங்கியிருக்கிறது. அம்மா 7 என்கிறாள், எனக்கு 9 மாதிரி இருக்கிறது. வரித்தாள்களைத் தூக்கிப் போடவில்லை, எலி கொஞ்சம் எடுத்துக்கொண்டது.


பழைய எழுத்தர்
ஜூலை 31, இரவு 9.50

இரண்டு எண்ணையும் மனுவில் எழுதித் தேடச் சொல்லுங்கள். தேடுதல் கட்டணம் கொஞ்சம் கூடும், போகட்டும். ஆனால் என் பந்தயம் அம்மாவின் 7 மேல்.


வள்ளக்காரன்
ஜூலை 31, இரவு 11.30

நள்ளிரவோடு தடை முடிகிறது. துறைமுகத்தில் போட்டுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு நிற்கின்றன, சத்தத்தில் தூக்கம் இல்லை. இரண்டு மூன்று நாளில் சந்தைக்கு மீன் வந்துவிடும். தக்கலைச் சந்தையில் நல்ல சாளை பார்த்தால் வாங்குங்கள் தங்கச்சி, அந்த மரச்சீனிக்கு வெறும் சம்மந்தித் துவையல் போதாது.

கட்டுமரப் புத்தகம், மூன்றாம் பக்கம்: மரங்களை ஆணி அடித்துச் சேர்ப்பார்கள் என்று போட்டிருந்தது. கயிற்றால் கட்டுவதால்தானே அது கட்டுமரம்.


சக்கைமரத்தடி
ஆகஸ்ட் 1, காலை 7.05

அண்ணே, நாலாம் பக்கத்துக்குப் போனதே பெரிய பொறுமை.

இன்று காலை பேப்பர் வந்ததும் அம்மா வழக்கம்போல “பேச்சிப்பாறை?” என்றாள். வாசித்தேன். முக்கடல் வரை வரிசையாகக் கேட்டுவிட்டு, “கொல்லம் 1118 கன்னியில எத்தன அடி கெடந்திருக்கும்?” என்றாள். இது யாருக்காவது தெரியுமா?